அக்காவின் பேரில் ஒரு விரதம்

என் முழங்காலைப் பார்த்த பெரிய டொக்டர் நல்ல மனிதர். படத்தைக் காட்டி, எலும்போடு எலும்பு உரசுகிறது, மூட்டை மாற்றத்தான் வேண்டும் என்றார். பிறகு என் முகத்தைப் பார்க்காமல் மேசையைப் பார்த்துக்கொண்டு, உடம்பின் நிறையைக் குறைத்துக்கொண்டு வந்தால்தான் ஒப்பரேஷன் செய்யலாம் என்றார். மகள் அதைத் தமிழில் எனக்குச் சொல்லும்போது இன்னும் மெதுவாகச் சொன்னாள். அவள் சொல்லுமுன்பே எனக்கு விளங்கிவிட்டது. ஒருவர் என் பருமனைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினால் அவருடைய கண் எங்கே போகும் என்று எனக்குத் தெரியும்.

நான் எப்போதும் பருமன்தான். படம் எடுக்கிறார்கள் என்றால் யாராவது ஒருவருடைய தோளுக்குப் பின்னால் போய் நின்றுவிடுவேன். அது எனக்குப் பெரிய கவலையாக இருந்ததில்லை. லண்டனில், செவன் கிங்ஸில் மகள் வீட்டில் கீழ் அறையில் எனக்குக் கட்டில். பக்கத்திலேயே குளிக்கிற அறை. கடைத்தெருவுக்குப் பொல்லு ஊன்றிக்கொண்டு போய்வருவேன். கோயிலுக்கு மகள் காரில் கூட்டிப் போவாள். இவ்வளவுக்கும் அந்தப் பழைய கால் போதும்.

எனக்கு நல்ல கால் வேண்டியிருந்தது அக்காவிடம் போக.

எனக்கு இந்த நாட்டில் கூடப்பிறந்தவர் என்று இருப்பது அக்கா ஒருவர்தான். வால்தம்ஸ்டோவில் மகனோடு இருக்கிறார். கவுன்சில் கட்டடம், மூன்றாம் மாடி, லிப்ட் இல்லை. அக்காவுக்குப் பாரிசவாதம் வந்து வலது கையும் காலும் இழுத்துவிட்டன. ஆஸ்பத்திரியிலிருந்து விட்டபோது அம்புலன்ஸ்காரர் இருவர் ஒரு கதிரையில் வைத்து மேலே தூக்கிக்கொண்டு போனார்கள். அதன் பிறகு அவர் கீழே இறங்கவில்லை. கீழ் வீடு கேட்டு எழுதிப் போட்டிருக்கிறார்கள், அது வருகிறபோது வரும்.

அவருக்கு இறங்க முடியாது, எனக்கு ஏற முடியாது. ஒருமுறை முயன்று பார்த்தேன். முதல் வளைவு மட்டும் போனேன், அதற்கு மேல் கால் தூக்கவில்லை. அங்கேயே குந்திக்கொண்டு "அக்கா" என்று கூப்பிட்டேன். மேலேயிருந்து "என்னடி" என்று சத்தம் வந்தது. இரண்டு வீட்டுக் கதவுகள் திறந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். எனக்கு வெட்கமாகிவிட்டது. கொண்டுபோன பலகாரத்தை அக்காவின் மகனிடம், என் பெறாமகனிடம், கொடுத்துவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன். அன்றிலிருந்து முகம் பார்த்துக் கதைக்கிற போன்தான். அக்காவுக்கு இடது கையால் போனைப் பிடிக்கத் தெரியாது. எனக்குத் தெரிவது பாதி நெற்றியும் வீட்டு முகடும். நான் முகட்டோடு கதைத்துக்கொண்டிருப்பேன்.

அதனால்தான், மெலிய வேண்டும் என்று டொக்டர் சொன்னதும் நான் உடனே ஓம் என்றேன்.

மகள் தான் செய்கிற முறையையே எனக்கும் சொன்னாள். "பன்னிரண்டு மணிக்கு முன்னம் ஒண்டும் இல்லை அம்மா. இரவு எட்டு மணிக்குப் பிறகும் ஒண்டும் இல்லை. இடையில அளவாச் சாப்பிடலாம்."

"உது விரதம்தானே பிள்ளை."

"ஓம், விரதம் மாதிரித்தான்."

அப்படி அவள் சொல்லியிருக்கக் கூடாது. எனக்கு இரத்தத்தில் சீனி கூடுகிற சலரோகம் இல்லாதபடியால் இப்படிச் செய்யலாம், தலை சுற்றினால் விட்டுவிட வேண்டும் என்று எங்கள் குடும்ப டொக்டரிடம் இருக்கிற நேர்ஸும் சொல்லிவிட்டார். எனக்கு நிம்மதியாகப் போய்விட்டது. ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவள் நான். வேறு என்ன தெரியாவிட்டாலும் விரதம் இருக்கத் தெரியும். வெள்ளி, சஷ்டி, சிவராத்திரி என்று எத்தனை இருந்திருக்கிறேன்.

காலையில் எழும்பித் தோய்ந்து, திருநீறு பூசி, விளக்கேற்றினேன். விரதத்துக்குப் பாலும் பழமும் குற்றமில்லை. ஆகவே சீனி போட்டு ஒரு தம்ளர் பாலும் இரண்டு வாழைப்பழமும் எடுத்தேன். பத்து மணிக்குப் பசி வந்தால் கொஞ்சம் பேரீச்சம்பழம். பன்னிரண்டு மணிக்குப் பாரணை. விரதம் முடிக்கிற சாப்பாடு நிறைவாக இருக்க வேண்டும் என்பதுதான் எங்கள் பழக்கம். பருப்பு, மூன்று மரக்கறி, அப்பளம், ஒரு வடை, கொஞ்சம் பாயசம். மகளும் மருமகனும் வேலைக்குப் போய்விடுவார்கள். நான் தனியே இருந்து ஒழுங்காக, பக்தியாகச் சாப்பிட்டேன்.

மாதம் முடிய மகள் என்னை நிறை பார்க்கிற மெஷினில் ஏற்றினாள். குனிந்து பார்த்தாள். என்னை இறக்கிவிட்டுத் தான் ஏறிப் பார்த்தாள். பிறகு திரும்பவும் என்னை ஏற்றினாள்.

"அம்மா, கூடியிருக்கு."

"மெஷின் பிழையாக்கும்."

"எனக்குச் சரியாத்தானே காட்டுது."

அடுத்த நாள் அவளுக்கு லீவு. நான் வழக்கம்போல் விளக்கேற்றிவிட்டுப் பாலைக் காய்ச்சினேன். அவள் குசினி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உது என்னம்மா?"

"பால்."

"ஆருக்கு?"

"எனக்குத்தான். விரதத்துக்குப் பால் குடிக்கலாம்தானே."

"ஆர் சொன்னது?"

"ஆர் சொல்லவேணும்? இவ்வளவு காலமும் முருகனே ஒண்டும் சொல்லேல்லை."

மகள் சிரிக்கத் தொடங்கினாள். நிற்க முடியாமல் நிலத்தில் குந்தியிருந்து சிரித்தாள். எனக்கு முதலில் கோபம் வந்தது. பிறகு பாயசத்தைப் பற்றியும் கேட்டு அறிந்துகொண்டு, எழும்பி வந்து என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு மீண்டும் சிரித்தாள். "அம்மா, இந்த விரதத்தில சாமி இல்லை. தண்ணி இருக்கு. பிளேன்ரீ இருக்கு, அதுவும் சீனி இல்லாமல். அவ்வளவுதான்."

சாமி இல்லாத விரதம் எவ்வளவு கடினம் என்பது அதற்குப் பிறகுதான் தெரிந்தது.

சாமிக்கு இருந்தால் பசிக்கிறபோது ஒரு தேவாரத்தைச் சொல்லலாம். மெலிவதற்கு இருந்தால் என்ன சொல்வது? காலை எட்டு மணிக்கு என் கை தானாகப் பால் போத்தலைத் தேடும். பால்தேத்தண்ணி இல்லாமல் முதல் கிழமை தலை வெடித்தது. மருமகன் டோஸ்டரில் பாண் சுடுகிற வாசம் வந்தால் கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருப்பேன். எல்லோரும் சாப்பிட்டு எழும்பிய பிறகு கோப்பைகளில் மிஞ்சிக் கிடப்பதை வீணாக்காமல் என் வாயில் போடுவது எனக்கு வாழ்நாள் பழக்கம். அதையும் விடு என்றாள் மகள். அந்தச் சோற்றைக் குப்பைக்குள் தட்டும்போது எனக்குப் பாவம் செய்கிற மாதிரி இருக்கும். இரவில் உடுப்பு மடித்துக்கொண்டிருப்பேன், முறுக்குப் பேணி அலுமாரிக்குள் இருந்துகொண்டு என்னைக் கூப்பிடும்.

ஆனால் இறங்கியது. ஒரு நாள் கோயிலுக்குப் போக வெளிக்கிட்டபோது பிளவுஸ் தோளால் வழுகியது. ஊசியை எடுத்துத் தையலை உள்ளே பிடித்தேன். எத்தனையோ பிளவுஸுக்குத் தையல் பிரித்து விட்டிருக்கிறேன். உள்ளே பிடித்தது அதுதான் முதல் தடவை. யாருக்கும் சொல்லவில்லை. அன்றைக்கு முழுக்கச் சந்தோஷமாக இருந்தேன்.

பிறகு பெரியபிள்ளையான ஒருத்தியின் சாமத்தியவீடு வந்தது, அதன் பின்னால் ஒரு கலியாணம், செத்த ஒருவருடைய முப்பத்தொண்டாம் நாள். எங்கள் ஆட்களின் வீட்டில் வேண்டாம் என்ற சொல்லுக்கு இன்னும் கொஞ்சம் போடு என்றுதான் பொருள். எனக்கோ ஒருவருக்கு மறுத்துச் சொல்ல வாய் வராது. பொரித்த ரோல்ஸைத் தட்டோடு நீட்டுகிறவரிடம், நான் மெலியப் பார்க்கிறேன் என்று எப்படிச் சொல்வது? சொன்னால் எல்லோருடைய கண்ணும் ஒருமுறை என் இடுப்புக்குப் போய்வரும். அதைவிட ரோல்ஸைச் சாப்பிடுவது சுகம். சாப்பிட்டேன். ஒரு மாதம் பட்டினி கிடந்து இறக்கியதை ஒரு கிழமையில் திருப்பி ஏற்றினேன்.

புதன்கிழமை காலைகள்தான் மிகவும் சோதனை. கோயிலுக்குக் கிட்ட ஒரு வீட்டில் நாங்கள் ஏழெட்டுப் பெண்கள் கூடித் தேவாரம் படிப்போம். படிப்பது அரை மணித்தியாலம். அதற்குப் பிறகு தேத்தண்ணியும் சூடான வடையும் கதையும். வீட்டுக்காரி ஊரில் படிப்பித்தவர். எல்லோரும் அவரை ரீச்சர் என்றுதான் கூப்பிடுவோம். பஞ்சாங்கத்தைக் கரைத்துக் குடித்தவர். அவருக்கு முன்னால் எனக்கு இன்றைக்கும் கைகட்டத்தான் வரும்.

அன்றைக்கு எப்படியும் சாப்பிடுவதில்லை என்று முடிவோடு போனேன். வடைத் தட்டு என்னிடம் வந்தது. நான் அடுத்தவருக்கு நீட்டினேன். ரீச்சர் கண்டுவிட்டார்.

"என்ன, வடை எடுக்கேல்லையோ?"

"வேண்டாம் ரீச்சர்."

"ஏன், போன முறை உப்புக் கூடிப்போச்சோ?"

"ஐயோ, இல்லை ரீச்சர். நான்... நான் இண்டைக்கு விரதம்."

ரீச்சர் மோவாயில் கை வைத்து யோசித்தார். "இண்டைக்கு என்ன விரதம்? புதன்கிழமை. ஏகாதசி முடிஞ்சு போட்டுது. சதுர்த்திக்கு இன்னும் நாள் கிடக்கு."

பக்கத்தில் இருந்தவர் என்னைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு, "நேர்த்திக்கடனா இருக்கும் ரீச்சர்" என்றார்.

"நேர்த்தியோ? ஆருக்கு?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"அக்காவுக்கு" என்றேன்.

யோசித்துப் பார்த்தால் அது முழுப் பொய்யும் இல்லை. அக்காவிடம் போகத்தானே பட்டினி கிடந்தேன். ஆனால் அந்தச் சொல்லைச் சொன்னதும் முகட்டோடு கதைக்கிற நினைவு எழுந்தது. கண்ணீர் வந்துவிட்டது. ரீச்சர் எழும்பி வந்து என் முன்னால் இருந்த வடைத் தட்டைத் தானே எடுத்துக்கொண்டு போய் மூடி வைத்தார். "சரி சரி, அழாதையுங்கோ. அக்காவுக்கு என்ன வருத்தம் எண்டு நான் கேக்கமாட்டன்" என்றார். கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். ஒருவரும் கேட்கவில்லை.

எனக்கு அது வசதியாகவும் இருந்தது. அன்றிலிருந்து எந்த வீட்டிலும் என்னைச் சாப்பிடச் சொல்லி ஒருவரும் வற்புறுத்தவில்லை. நான் வருவதைக் கண்டால் தட்டுகள் தாமாக விலகிப் போயின.

அடுத்த புதன்கிழமை போனால் வடை வாசமே இல்லை. "நாங்களும் இருக்கிறம்" என்றார் ரீச்சர். "உங்கட அக்காவுக்காக எல்லாரும் புதன் விரதம் பிடிக்கிறம். அக்காவின்ர பேர், நட்சத்திரம் சொல்லுங்கோ. கோயிலில அர்ச்சனை செய்விக்கவேணும்." தேத்தண்ணி இல்லாமல் ஒரு மணித்தியாலம் இருக்கமாட்டாத ஒருவர் சோபாவில் நெற்றியைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தார். அவருடைய தலையிடிக்கு நான்தான் காரணம். உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அவர்கள் தேவாரத்தைத் தொடங்கிவிட்டார்கள்.

அந்த மாதம் எனக்கு நன்றாக நிறை இறங்கியது.

எங்கள் கதைகள் பஸ் ஏறிப் போகும் என்று நான் யோசித்திருக்க வேண்டும். எங்களில் ஒருவருடைய சம்பந்தி வால்தம்ஸ்டோவில் இருக்கிறாராம். அந்தப் பெண் திருநீறும் அர்ச்சனைப் பூவும் எடுத்துக்கொண்டு அக்காவைப் பார்க்கப் போயிருக்கிறார். அக்காவின் நெற்றியில் திருநீறு பூசிவிட்டு, வழங்காத கையைப் பிடித்துக்கொண்டு அழுதிருக்கிறார். "ஒண்டுக்கும் யோசியாதையுங்கோ. தங்கச்சி உங்களுக்காகப் பச்சைத் தண்ணியோட கிடக்கிறா" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

அன்று பின்னேரம் அக்கா போன் எடுத்தார். முகடு தெரியவில்லை. மகன் போனைப் பிடித்திருக்க வேண்டும், முழு முகமும் தெரிந்தது.

"எடியே, எனக்கு என்னடி?"

"ஒண்டும் இல்லை அக்கா."

அக்கா கேட்டார். "அம்மாவுக்கு வயித்துக்குள்ள கட்டி எண்டு தெரிஞ்சபிறகு நீயும் நானும் அம்மாவுக்கு என்ன சொன்னனாங்கள்?"

பதிலையும் அவரே சொன்னார்.

"ஒண்டும் இல்லை எண்டுதானே சொன்னனாங்கள்."

எங்கள் ஆட்கள் அப்படித்தான். வருத்தக்காரருக்கு நோயைப் பற்றி உண்மை சொல்லமாட்டோம். ஊருக்கெல்லாம் தெரிந்திருக்கும், படுத்திருக்கிறவருக்கு மட்டும் தெரியாது. அல்லது அவருக்கும் தெரிந்திருக்கும், தெரியாத மாதிரி இருப்பார். அப்படி வாழ்ந்த இரண்டு பேர் நாங்கள். இப்போது நான் ஒண்டும் இல்லை என்றால் அக்கா எப்படி நம்புவார்?

"அக்கா, நான் மெலியத்தான் சாப்பிடாமல் இருக்கிறன். கால் ஒப்பரேஷனுக்கு."

"எழுபது வயசுக்குப் பிறகு உனக்கு மெலிவு. கோயிலில என்ர பேருக்கு அர்ச்சனையும் உன்ர மெலிவுக்கோ? சின்னனிலயிருந்து உனக்குப் பொய் சொல்லத் தெரியாதடி" என்று சொல்லிவிட்டு, "நிப்பாட்டடா போனை" என்றார்.

மூன்று நாள் கழித்துப் பெறாமகன் எனக்கு எடுத்தான். வேலை இடத்திலிருந்து எடுத்தான் போலிருக்கிறது, பின்னால் ஒரே சத்தம். "சின்னம்மா, அம்மா சாப்பிடுறா இல்லை. மருந்தை மட்டும் விழுங்குறா. கஞ்சியைக் குடுத்தால், ஏன் வீணாக்குறாய் எண்டு கேக்கிறா."

"டொக்டர் கதைச்சாரோ?"

"கதைச்சவர். புதுசா ஒண்டும் இல்லை எண்டு அம்மாவுக்கே சொன்னவர். அவரையும் பொய் சொல்லப் பழக்கிப்போட்டீங்களோ எண்டு என்னைக் கேக்கிறா." கொஞ்சம் நிறுத்தினான். "அந்த மயில்கழுத்துச் சேலையை அலுமாரியால எடுத்து வெளியில வைக்கச் சொன்னவ, சின்னம்மா."

அந்தச் சேலை எதற்கென்று எனக்குத் தெரியும். தன்னைக் கடைசியாக உடுத்திவிட அதைத்தான் எடுக்க வேண்டும் என்று அக்கா எத்தனையோ தரம் என்னிடம் சொல்லியிருக்கிறார்.

அடுத்த நாள் சனிக்கிழமை. காலையில் மகளிடம், "காரை எடு, வால்தம்ஸ்டோவுக்குப் போவம்" என்றேன்.

"அம்மா, அந்தப் படி!"

"எனக்குத் தெரியும்."

"காலுக்கு ஏதும் நடந்தால் ஒப்பரேஷனும் இல்லை, ஒண்டும் இல்லை."

"நீ காரை எடு பிள்ளை."

என் குரலைக் கேட்டு அவள் கார்ச் சாவியை எடுத்தாள்.

படிக்கட்டை அண்ணாந்து பார்க்கவில்லை. நிமிர்ந்து ஏறினால் முன்பு நின்ற இடத்திலேயே நின்றுவிடுவேன் என்று பட்டது. அதனால் திரும்பிப் படியிலே குந்தினேன். நல்ல காலை ஊன்றி, கைகளால் உந்தி, பின்பக்கமாக அடுத்த படிக்கு ஏறி இருந்தேன். தவழுகிற பிள்ளை செய்வதுபோல. மகள் கீழே ஒரு படி தள்ளி, கைகளை நீட்டிக்கொண்டு வந்தாள். சேலையெல்லாம் தூசி. கட்டடத்தில் இருக்கும் ஒரு வெள்ளைக்காரப் பெண் கடைப் பைகளோடு வந்து, மகளுக்குப் பின்னால் நின்றுவிட்டார். வேறு நாளென்றால் எனக்கு உயிர் போயிருக்கும். அவர் பைகளைக் கீழே வைத்துவிட்டு, அவசரமில்லை என்று கையால் காட்டினார். நான் தலையாட்டிவிட்டு அடுத்த படிக்கு உந்தினேன். முதல் வளைவு எப்போது கழிந்தது என்று தெரியவில்லை. உடம்பு கொஞ்சம் லேசாகத்தான் இருந்தது. அந்தப் பட்டினி எல்லாம் எங்கே போனது என்று அப்போதுதான் கண்டேன்.

மேல் மாடியில் மகளும் பெறாமகனும் இரண்டு பக்கமும் பிடித்து என்னை நிமிர்த்தி விட்டார்கள். கால் தணலாக எரிந்தது. அக்காவின் அறைக்குள் போனேன்.

அக்கா சுருங்கிப் போயிருந்தார். போனில் அது தெரியாது. தலை நரைத்து, பஞ்சு மாதிரி, தலையணையில் ஒட்டிக்கொண்டிருந்தது. கட்டில் காலடியில் கதிரையில் அந்த மயில்கழுத்துச் சேலை மடித்தபடி கிடந்தது. என்னைக் கண்டதும் அவருடைய ஒரு பக்க முகம் விரிந்தது. அடுத்த கணம் அதே முகம் சுருங்கி, அழத் தொடங்கினார்.

"நீயே ஏறி வந்திட்டாய். அப்ப எனக்கு இனி நாளில்லை."

நான் எந்தத் துயரத்தில் படியில் இழுபட்டு வந்தேனோ, அதையே சாவுக்குச் சாட்சியாக எடுத்துவிட்டார். எனக்குள் ஏதோ ஒன்று வெடித்தது. நான் சத்தம் போட்டுப் பேசி ஒருவரும் கேட்டதில்லை. என் மகளே கேட்டதில்லை.

"விசர்க்கதை கதையாதை அக்கா! ஆர் சொன்னது நீ சாகப்போறாய் எண்டு? நான் என்ர சதையைக் குறைக்கப் பட்டினி கிடக்கிறன்! பன்னிரண்டு மணி வரைக்கும் ஒரு பால்தேத்தண்ணி இல்லை, ஒரு வடை இல்லை, மருமகன் பாண் சுட்டால் நான் கதவைப் பூட்டிக்கொண்டு கிடக்கிறன். ஏன்? உந்த நாசமாப்போன படியில ஏறி உன்ர முகத்தைப் பாக்க! நீ இஞ்ச இருந்துகொண்டு சேலை எடுத்து வைக்கிறாய்! உனக்கு எப்பவும் உன்ர எண்ணம்தான். என்ர கலியாணத்துக்கு நீ கட்டி வந்த சேலை என்ர கூறைச் சேலையைவிட வடிவா இருந்தது. சனம் முழுக்க உன்னைத்தான் பாத்தது. அதுக்கும் நான் வாய் திறக்கேல்லை!"

மூச்சு வாங்கியது. அறை வாசலில் மகளும் பெறாமகனும் அசையாமல் நின்றார்கள். அந்தக் கலியாணச் சேலைக் கதை எங்கிருந்து வந்தது என்று எனக்கே தெரியவில்லை. அது என் மனத்தில் இருந்தது என்றுகூட நான் அறிந்திருக்கவில்லை.

அக்கா அழுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவருடைய தோள் குலுங்கியது. சிரிக்கிறார் என்று பிடிபடக் கொஞ்ச நேரம் எடுத்தது, பாதி முகம்தான் சிரிக்கும்.

"எடியே" என்றார். "சாகப்போற ஆளை ஆரும் உப்பிடி ஏசுவினமோ?"

"நான் ஏசேல்லை."

"ஏசினனீ. படியில நிண்ட சனத்துக்கும் கேட்டிருக்கும்." இடது கையால் கண்ணைத் துடைத்தார். "அம்மா கடைசி மாசம் என்ன பாடு படுத்தினவ. கோப்பையைத் தட்டி விட்டவ, காறித் துப்பினவ. நாங்கள் ஒரு சொல்லு ஏசினனாங்களோ? அதிலதான் அம்மாவுக்கு விளங்கியிருக்கும்." என் கையைப் பிடித்தார். "நீ ஏசுறாய். அப்ப எனக்கு ஒண்டும் இல்லை."

நான் கட்டிலில் குந்திவிட்டேன். ஏசியதெல்லாம் போய், அழுகை வந்தது. அக்கா அதைக் கவனிக்கவில்லை. மகனைப் பார்த்து, "தம்பி, அந்தக் கஞ்சி கிடக்கோ? சூடாக்கு" என்றார்.

அவன் இரண்டு கோப்பையில் கொண்டுவந்தான். ஒன்றை என் பக்கம் நீட்டினான்.

"அவளுக்குக் குடுக்காதை!" என்றார் அக்கா. "மணி என்ன?"

"பதினொண்டு, அம்மா."

"பன்னிரண்டுக்குத்தானே இவவுக்குச் சாப்பாடு. வைச்சிரு. படியில குந்திக் குந்தி வாற ஆளை ஒப்பரேஷன் இல்லாமல் வைச்சிருக்க ஏலுமோ?"

அக்கா இடது கையால் கரண்டி பிடித்துக் குடித்தார். வழங்காத பக்கத்தால் கொஞ்சம் வழிந்தது, அவருக்கு அது தெரியாது. நான் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டே இருந்தேன். கோப்பை முடிந்ததும் எனக்கென்று வைத்திருந்ததையும் கேட்டார்.

அன்று என்னால் இறங்க முடியவில்லை. முழங்கால் பூசணிக்காய்போல் வீங்கிவிட்டது. ஏறுவதைவிட இறங்குவதுதான் கடினம் என்று அதுவரை நான் யோசிக்கவே இல்லை. மகள் என் உடுப்பைக் கொண்டுவந்து தந்துவிட்டுப் போனாள். இரண்டு கிழமை அக்காவோடு இருந்தேன். பக்கத்தில் ஒரு சின்னக் கட்டில் போட்டார்கள். காலையில் அக்கா தேத்தண்ணி குடிப்பார், நான் தண்ணி குடிப்பேன். எனக்கு மணி பார்க்கிற வேலையை அவரே எடுத்துக்கொண்டார். இரவு எட்டடித்தால், "வாயை மூடு" என்பார். மகள் வீட்டில் நான் ஒளித்து ஒரு முறுக்குக் கடித்திருக்கிறேன். அக்காவிடம் ஒன்றும் நடக்கவில்லை.

ரீச்சருக்கு உண்மையைச் சொல்ல வேண்டும் என்று ஒரு நாள் அக்கா மகனிடம் போனைப் போடச் சொல்லி என் காதில் வைப்பித்தார். நான் விக்கி விக்கிச் சொன்னேன். அக்கா போனைத் தன் பக்கம் திருப்பச் சொன்னார்.

"ரீச்சர், நான்தான் அந்தச் சாகப்போற அக்கா. நல்ல சுகமா இருக்கிறன். நீங்கள் பிடிச்ச விரதம்தான் காரணமெண்டு வையுங்கோ."

ரீச்சர் கடைசியில் சிரித்துவிட்டார். "எனக்கும் பிளவுஸ் தளருது" என்றார். "புதன்கிழமை இனியும் இருக்கத்தான் போறம். வடை வெள்ளிக்கிழமைக்கு மாத்தியாச்சு."

வீக்கம் வற்றியதும் மகள் என்னைக் கூட்டிப் போக வந்தாள். நிறை இன்னும் கொஞ்சம் குறைய வேண்டும், பிறகுதான் டொக்டரிடம் போகலாம். அக்காவிடம் சொல்லிக்கொண்டு வெளிக்கிட எனக்குக் கால் வரவில்லை. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"என்ன பாத்துக்கொண்டு நிக்கிறாய்?" என்றார் அக்கா கட்டிலிலிருந்து. "போய்க் காலை மாத்திக்கொண்டு கெதியா வா."